ஏழு மணி ஊசி

பூனைக்குச் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

டாக்டர் இன்னொரு தடவையும் பார்த்தார். சில பூனைகளுக்கு இப்படிச் சரியாகிவிடுவது உண்டு, சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போதும், இனிமேல் ஊசி போட்டால்தான் ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கூடைக்குள் இருந்த துரை கொட்டாவி விட்டது.

வேறு யாராவது என்றால் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். மெக்கானிக் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இருந்தது. துரை அவர் மனைவியின் அக்கா வளர்த்த பூனை. அக்கா படுத்த படுக்கையானபோது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி மூன்று முறை கேட்டாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று இவர் மூன்று முறையும் சொன்னார். அக்கா அடுத்த வாரம் வரை இருக்கவில்லை. பூனையும் அதன் மருந்துப் பெட்டியும்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அன்றோடு மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நேரத்துக்குச் சாப்பாடு வரும், மடித்த சட்டை வரும், வார்த்தை மட்டும் வராது. தப்பு தன்மேல்தான் என்று அவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

ஆனால் துரைக்கு ஊசி போட இரண்டு பேர் வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. அவள் சோபாவில் உட்கார்ந்து பூனையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அக்காவின் பூனைமேல் ஊசி ஏறுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வராது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிடரித் தோலைத் தூக்கி மருந்தை ஏற்றுவார். முதல் மாதம் "ம்" என்றாள். இரண்டாம் மாதம் "மெதுவா" என்றாள். ஆறாம் மாதம் ஒரு நாள், ஊசி முடிந்தும் எழுந்திருக்காமல், அக்கா சின்ன வயதில் செய்த ஒரு குறும்பைச் சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். எட்டு மாதத்தில் அது வேளைக்குப் பத்து நிமிடம் என்று வளர்ந்திருந்தது. பூனை குணமாகிவிட்டது என்று போய்ச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் போயே போய்விடும். மனுஷன் என்னதான் செய்வார்?

பொய் சொன்னார். "டாக்டர் ஊசியை நிறுத்தவே கூடாதுன்னுட்டாரு."

"சரி" என்றாள் அவள், பெருமூச்சு விட்டபடி. பூனைக்காக வருத்தப்படுகிறாளே என்று அவருக்கு மனசு உறுத்தியது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வசதியாகப் போயிற்று. வழக்கம்போல் பாட்டிலிலிருந்து மருந்தை இழுத்து, சமையலறைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டி, சிரிஞ்சைப் பிடரியில் வைத்து அழுத்தினார். துரைக்கு அது சொறிந்துவிடுவதுபோல் இருந்தது. கண்ணை மூடி, சொகுசாக உறுமிக்கொண்டே படுத்துக்கொண்டது.

"முன்ன மாதிரி துள்ளவே மாட்டேங்குதே" என்றாள் மனைவி கவலையாக.

துள்ளாத பூனையைப் பிடிக்க எதற்கு ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால்? மறுநாள் யாரும் பார்க்காமல் துரையின் பின்னங்கால் பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டினார். பாதத்தைத் தொட்டால் துரைக்கு ஆகவே ஆகாது. பாய்ந்த வேகத்தில் மனைவியின் மணிக்கட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிற்று. அவள் கையைப் பிடித்து மருந்து தடவும்போது, தன்னைப் போல ஒரு அயோக்கியன் உண்டா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார். கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு துரை உஷாராகிவிட்டது. ஏழு மணி நெருங்கினாலே ஆளைக் காணோம். அலமாரி மேல், துவைக்கும் மெஷினுக்குள், கட்டிலுக்கடியில் என்று இருவரும் தேடினார்கள். ஒரு மாலை, ஊரில் உள்ள லிஃப்ட் குழிகளுக்குள் எல்லாம் இறங்கி ஏறுகிற மனுஷர், சொந்த வீட்டுக் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டார். அவள் இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டடையோடு அவர் வெளியே வந்ததைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்காகத் தினமும் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

விஷயம் வெளியூரில் இருக்கும் மகள் காதுக்குப் போயிற்று. வேளை தவறாமல் ஊசி போட்டும் பூனை இப்படி மிரண்டு ஓடுகிறது என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்றாள் ஸ்பீக்கர் ஃபோனில். சனிக்கிழமை தானே வந்து துரையைக் கொண்டுபோய் ரத்தம் பரிசோதிக்கப் போவதாகவும் சொன்னாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றார்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுறதே அதிசயமா இருக்கு. நான் வரத்தான் போறேன்" என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மெக்கானிக் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நரைத்த மீசைக் கம்பவுண்டர் மட்டும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா, மூன்று முறை சொன்ன அடுத்த வாரம், சுவரைப் பார்த்த பேச்சு, சமையலறைத் தொட்டி, எதையும் ஒளிக்கவில்லை. நாளைக்கு மகள் வந்தால், நோய் இன்னும் இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

"பொய்தான், தெரியுது. ஆனா இந்த ஊசி நின்னுட்டா, எங்க வீட்ல பேச்சும் நின்னுடுங்க."

கம்பவுண்டர் துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையிலதான் உங்க வீட்டம்மா வந்து இதையே கேட்டுட்டுப் போனாங்க சார். பூனைக்குச் சரியாயிடுச்சுன்னு அவங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும், டாக்டர் லீவுல இருந்தப்ப நான்தான் ரத்தம் பாத்துச் சொன்னேன். அன்னைலேர்ந்து அந்தப் பாட்டில்ல நான் வெறும் உப்புத் தண்ணிதான் அடைச்சுக் குடுக்கிறேன். 'ஊசி இல்லேன்னா அவரு என் பக்கத்துல வந்து உக்காரவே மாட்டாரு'ன்னு சொன்னாங்க."