பழனிவேல் வெட்டிய பரங்கிக்காய்

செம்மண்டலம் பழனிவேலுக்கு உலகத்தில் ரெண்டே எதிரிகள். ஒன்று பிளாஸ்டிக், இன்னொன்று பரங்கிக்காய். பிளாஸ்டிக்கைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எதிர்த்தார். தெருவே படிக்காமல் கட்டைவிரல் காட்டியது. பரங்கியைத்தான் நிஜமாகவே ஒழித்திருந்தார். முழுக்காயில் முதல் வெட்டை ஆம்பளைதான் போட வேண்டும் என்பது மனைவி மலர்க்கொடியின் சிதம்பரத்து வீட்டு வழக்கம். வெட்டி வைத்த பத்தையை அவள் வாங்க மாட்டாள், ஈ மொய்க்குமாம். தப்பிக்க இது போதாதா? பரங்கி வாசலுக்கு வந்தாலே மனுஷனுக்கு மணிக்கட்டு வலி. பத்து வருஷ வலி. எந்த டாக்டருக்கும் பிடிபடாத வலி!

ஒரு நாள் மலர்க்கொடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாமா, நம்ம இளமதி ஸ்கூல்ல ஹாலோவீனாம். பரங்கிக்காயில பேய் மொகம் செய்யணுமாம். திருப்பாதிரிப்புலியூர்ல பிளாஸ்டிக்லயே விக்குது, வாங்கியாந்துடறேன்."

"பிளாஸ்டிக்கா? என் வீட்லயா?"

"பின்ன நெஜக் காயா? யாரு வெட்டுறது? ஒங்களுக்குத்தான் மணிக்கட்டு..."

"மணிக்கட்டு கெடக்குது!"

அரை மணி நேரத்தில் எட்டுக் கிலோ பரங்கி ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. சொந்தக் கையாலேயே வெட்டினார். கண் தோண்டினார், பல் செதுக்கினார். அந்த மூஞ்சியோடு தன் மூஞ்சியையும் போட்டோ எடுத்து, 'இயற்கையோடு ஹாலோவீன்! எதையும் வீணாக்காதீர்!' என்று குரூப்பில் போட்டார்.

தோண்டிய சதை குண்டான் நிறைய இருந்தது. "உரக்குழியில கொட்டிடு மலரு."

"எதையும் வீணாக்காதீர்னு இப்பதானே போட்டீங்க? சார் வீட்ல என்ன சமையல்னு மாடி வீட்டு வினோதினி அக்கா கேக்குறாங்க."

போட்டதை அழிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் அறுபது பேர் படித்துத் தொலைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் படித்தார்கள்! மத்தியானம் பால் கூட்டு. சாயந்திரம் அல்வா. மறுநாள் காலையில், தோண்டி எடுத்த கண்ணின் தோலில் துவையல். பழனிவேல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

மூன்றாம் நாள் சாம்பாரில் ஒரு துண்டு வந்தது. அவர் செதுக்கிய பல்!

"அடிப்பாவி! இது பாப்பா ஸ்கூலுக்குப் போவணுமே!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளமதி நிமிர்ந்தாள். "ஸ்கூல்ல பேப்பர் முகமூடிதாம்ப்பா கேட்டாங்க. அம்மா போன வாரமே செஞ்சு குடுத்துட்டாங்களே."

பழனிவேல் மனைவியைப் பார்த்தார். அவள் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"மணிக்கட்டுதான் சரியாப் போச்சே மாமா, நாளைக்கு இன்னொரு காய் வாங்கியாங்க."