தனக்கொடியைத் தள்ளியது யார்?

"படுத்த படுக்கையாக் கெடந்து சாவக் கூடாதாம்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளறையிலிருந்து வெளியே வந்தார் அரிசி மில் முதலாளி தெய்வநாயகம்.

வைத்தியலிங்கம் இடிந்துபோனான். தான் சொல்லிக்கொண்டிருந்த சினிமாக் கதையின் நாயகி தனக்கொடிக்கு ஜுரம் வரவழைத்து, இருமவைத்து, புருஷன் மடியில் தலை சாய்க்கிற வரைக்கும் கொண்டுவந்திருந்தான். இன்னும் ஒரே ஒரு விக்கல்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து "நிறுத்து, நிறுத்து" என்று எழுந்து உள்ளே போன மனுஷன், இப்படி ஓர் உத்தரவோடு திரும்பி வந்தால்?

"மொதலாளி, அவ செத்தாத்தான் படம் முடியும்."

"முடிய வேணாம். அடுத்த வெள்ளிக்கிழம வேற மாதிரி கொண்டா."

வெளியே எழுபத்தெட்டாம் வருஷத்து அடைமழை. ஏரி நிரம்பி, பாகூர் மொத்தமும் நனைந்த கோணிச் சாக்கு மாதிரிக் கிடந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன் வைத்தியலிங்கம். பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சினிமாக் கதைதான். குடும்பக் கதை, பேய்க் கதை, துப்பறியும் கதை என்று எதைக் கேட்டாலும் இருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்டவனிடம் தெய்வநாயகம் தானாக வந்து, "கதை வச்சிருக்கியாமே, வெள்ளிக்கிழம சாயந்தரம் வூட்டுக்கு வந்து சொல்லு" என்றார். காசுள்ளவர் ஒருவர் வேலை மெனக்கெட்டுக் கதை கேட்டால் வேறென்ன அர்த்தம்? வைத்தி அன்றைக்கே பஸ் கண்டக்டர் வேணுவைக் கதாநாயகன் ஆக்கிவிட்டான். "இனிமே முடிய வெட்டாத" என்று முதல் கட்டளையும் போட்டுவிட்டான்.

"அதென்ன, உள்ள போயி உள்ள போயி வராரு?" என்று கேட்டாள் அவன் மனைவி சுலோசனா.

"பூக்கட்டிப் பாக்குறாருடி. வெள்ளப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். அந்த ரூம்ல எப்பப் பாரு சாம்பிராணி வாசன."

"அப்ப சாமிக்கே உங்க கத புடிக்கலன்னு சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை தனக்கொடிக்கு ஜுரமே வரவில்லை. நல்ல தேகக்கட்டோடு கிணற்றில் விழுந்து செத்து, பேயாக எழுந்து வந்தாள். தெய்வநாயகம் அவனை உள்ளறைக் கதவை ஒட்டி உட்காரவைத்து, "சத்தமாச் சொல்லுபா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். வைத்தி ஊளையிட்டான். கொலுசு ஆட்டினான். பேய் மாமியாரின் கழுத்தை எட்டிப் பிடிக்கிற சமயம்...

"நிறுத்து!"

உள்ளே போனார். வந்தார்.

"பேயி வேணாமாம்பா. பயமா இருக்குதாம்."

எந்தச் சாமிக்குப் பேயைக் கண்டால் பயம் என்று வைத்தி வீடு போகிற வழியெல்லாம் யோசித்தான். விளங்கவில்லை. இருந்தாலும் தெய்வநாயகம் வாசல்வரை வந்து அடுத்த கதைக்கு அடியெடுத்துக் கொடுத்திருந்தார். "கெணத்துல அவளா வுழுந்தாளா, இல்ல யாராவது தள்ளிவுட்டாங்களா? அதுதான் இப்பக் கேள்வி."

சரி, துப்பறியும் படம். இந்தத் தடவை சிவப்புப் பூ வராமலிருக்க மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் மொட்டையும் போட்டுக்கொண்டான். திரும்பி வருகையில் பஸ்ஸில் வேணு. தோள்வரை முடி.

"ஐயையோ, யாருண்ணே செத்தது?"

"இன்னும் முடிவாவல."

"நான்தான ஹீரோ?"

"ஹீரோன்னு இப்ப யாரும் இல்லப்பா. சந்தேகப்படுற ஆளுங்கள்ல நீ ஒருத்தன்."

"இன்னாண்ணே இது! முடிய வெட்டலன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவேன்றாரு பஸ் ஓனரு. நீ கூலா கொலகாரன்ற!"

"கொலகாரன்னு சொல்லலடா. சந்தேகம்தான்."

வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையோடு துப்பறிந்தான் வைத்தி. கிணற்றடியில் கிடந்த வளையல் துண்டு, ஈர மண்ணில் செருப்புத் தடம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்தினான். "தனக்கொடியத் தள்ளிவுட்டது வேற யாரும் இல்ல..."

தெய்வநாயகம் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத!"

"கொலகாரன் யாருன்னு தெரிய வேணாமா மொதலாளி?"

"வேணாம். இன்னும் நாலு பேரு மேல சந்தேகம் வரட்டும்."

பிடித்த கையை அவர் லேசில் விடவில்லை. கதை ஆளை அப்படி உலுக்கிவிட்டது என்று வைத்திக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. மாமியார், பால்காரர், பூசாரி, நிலம் அளக்க வந்தவர் என்று சந்தேகம் ஊர் முழுக்கப் பரவியது. யார்மீது பழி விழப்போகிறதோ, அந்த இடத்தில் "நிறுத்து!" படம் எடுத்தால் மூன்று நாள் விடாமல் ஓட்ட வேண்டியிருக்கும். சந்தேகப்பட முடியாத ஒரே ஜீவன் கிணற்றுத் தவளைதான். அடுத்த வாரம் அதையும் விட்டுவைக்கவில்லை.

கதை ஜோடிக்கிற மும்முரத்தில் கடை பாதிநாள் மூடிக்கிடந்தது. சைக்கிள்கள் மழையில் துருப்பிடித்தன. வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். வேணு முடியை வெட்டிக்கொண்டதோடு பேச்சையும் வெட்டிக்கொண்டான். ஒருநாள் காலையில் சுலோசனா துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

"செல்லிப்பட்டுல எங்கம்மா வூட்டுல இருக்கேன். படம் வந்தாச் சொல்லி அனுப்புங்க, வந்து பாக்குறேன்."

"அடுத்த வாரம் நிச்சயமாயிடும் சுலோ."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் குடையை அவனுக்கே வைத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு போனாள். அதுதான் அவனைத் தின்றது. ஒழுகுகிற கூரையின் கீழே தனியாக உட்கார்ந்து ஆறிப்போன கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ரோஷம் பொங்கியது. வெள்ளிக்கிழமையாவது, பூவாவது! இன்றைக்கே போய் முடிவைச் சொல்லிவிடுவது. எடுத்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் சுலோசனாவையும் கடையையுமாவது மீட்டுக்கொள்ளலாம்.

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் ஓடினான். மில் வீட்டு வாசலில் வேலைக்காரி காசம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா பாண்டிக்குப் போயிருக்காரு சைக்கிள்காரரே. இன்னிக்கு வெள்ளிக்கிழம இல்லியே?"

"அவரு கேக்க வேணாம். உள்ள இருக்குற சாமி கேட்டாப் போதும். எத்தினி வாரம்தான் என்னை அலைய வுடும்? இங்கியே நின்னு கத்திச் சொல்லிட்டுப் போறேன்."

"எந்த சாமி? இரு இரு, இன்னா பண்ணப் போற நீ?"

வைத்தி உள்ளறைக் கதவைப் பார்த்து நின்றுகொண்டான். மழைச் சத்தத்தையும் மீறக் கேட்க வேண்டுமென்று நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தான்.

"கேட்டுக்க! தனக்கொடியக் கெணத்துல தள்ளிவுட்டது..."

காசம்மாள் சாம்பல் கையோடு பாய்ந்து வந்து அவன் வாயை இறுகப் பொத்தினாள்.

"சொல்லித் தொலச்சிடாதய்யா! பெரிய டாக்டரு கைய விரிச்சி மூணு மாசம் ஆவுது, 'அந்தப் பொண்ணத் தள்ளுனது யாருன்னு தெரிஞ்சிக்காம நான் சாவ மாட்டேங்க'ன்னு மொதலாளியம்மா உள்ள உசுரப் புடிச்சிக்கினு கெடக்குது!"