இரண்டு இடது பக்கங்கள்

மதியம் இரண்டரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மேஜைக்கு அடியில் லிப்ட் மெக்கானிக். மேஜையின் மறுகோடியில், பென்சிலைக் காதில் செருகியபடி, குழாய் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன். வாசலில் கைகட்டியபடி மெக்கானிக்கின் மனைவி. மேஜை மேல் வழக்கமான அகலத்தில் ஒரு பெரிய ரயில், அதில் முக்கால் அகலத்தில் ஒரு சின்ன மலை ரயில். சின்னது தடம்புரண்டு பக்கவாட்டில் படுத்திருந்தது.

"செத்துடுச்சா?" என்றாள் மனைவி.

"வாயை வைக்காதே," என்றார் மெக்கானிக்.

நான்கு மணிக்கு மாதிரி ரயில் கிளப்பின் செயலாளர் வருகிறார். இரண்டு ரயில்களும் ஒரே பாதையில், கை படாமல், ஜன்னல் கோடியிலிருந்து கதவுக் கோடிவரை ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் மெக்கானிக் உறுப்பினர். இது நான்காவது விண்ணப்பம். முந்தைய மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தவை. இதுவும் திரும்பினால் அறை தையல் மிஷினுக்கு என்பது கணவன் மனைவி ஒப்பந்தம். மிஷின் ஏற்கெனவே ஹாலில் வந்து இறங்கிவிட்டது.

ஒட்டிப் போட்ட இரண்டு மேஜைகள் மேல் ஆளுக்கொரு பலகையாகப் பாதை. அதில் மூன்று தண்டவாளங்கள். ஓரத்தில் உள்ள ஒன்று இரண்டு ரயில்களுக்கும் பொது. பெரியது எதிர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், சின்னது இடையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பொதுத் தண்டவாளம் இடது பக்கம் என்று டீ குடிக்கும்போதே பேசி முடித்தார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மெக்கானிக் ஜன்னலிலிருந்தும் மச்சினன் கதவிலிருந்தும் தொடங்கி, எதிரும் புதிருமாக நகர்ந்து, மூன்று வாரத்தில் நடுவில் சந்தித்தார்கள். பெரிய ரயிலை ஐம்பது முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. அதற்கு இரண்டு ஓரங்களும் இருந்தால் போதும். சின்ன ரயிலின் இன்ஜின் அன்று காலைதான் தபாலில் வந்தது.

"இடது பக்கம்னுதானே சொன்னேன், மாப்ள?"

"இடது பக்கம்தான் மாமா போட்டிருக்கேன்." மச்சினன் இடது கையை நீட்டினான்.

மெக்கானிக் வெளியே வந்து தன் இடது கையை நீட்டினார். இரண்டு கைகளும் ஆளுக்கொரு சுவரைக் காட்டின.

"மூணு வாரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சீங்களே," என்றாள் மனைவி. "ஒருத்தருக்குமா தோணல?"

"நடு தண்டவாளத்தை வெட்டி வளைச்சுடலாம் மாமா. சின்ன ரயிலை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்குத் தள்ளி விட்டுடலாம்."

வெட்டினார்கள், வளைத்தார்கள், சூடு பட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்கள். மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சின்ன ரயில் பாம்புபோல் நெளிந்து மறுபக்கம் போயே போய்விட்டது. மெக்கானிக் மச்சினனின் முதுகில் ஓங்கி அறைந்தார். அடுத்து பெரியதை விட்டார்கள். அது புதிய வெட்டில் சக்கரத்தை இறக்கியது. ஏழு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

"இப்ப பெரிசும் போச்சா," என்றாள் மனைவி.

மச்சினன் காதிலிருந்த பென்சிலை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "மாமா, என் பாதிப் பலகையை அப்படியே தூக்கித் திருப்பிப் போட்டா?"

மெக்கானிக் மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். இடது வலதாகிறது. வலது இடதாகிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "குழாய்க்குள்ள கையை விட்டு வீணாப் போயிட்டியேடா," என்றார்.

வளைத்ததைப் பிடுங்கி எறிந்தார்கள். பலகையைத் தூக்கித் திருப்பினார்கள். தண்டவாளங்கள் மூன்றும் மூன்றுக்கும் நேராக நின்றன. ஒரு சாண் உயரத்தில் நின்றன. மலை இருந்தது மச்சினன் பாதியில். நடுவிலிருந்து மெல்ல ஏறி, கதவருகே உச்சி ஸ்டேஷனில் முடிய வேண்டிய பாதை அது. இப்போது உச்சி நடுவுக்கு வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து வரும் பாதை நேராகப் போய் மலையின் முதுகில் முட்டியது.

"ஏணி எடுத்துட்டு வரவா?" என்றாள் மனைவி.

மெக்கானிக் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "தூக்கறது என் தொழில்," என்று சொல்லி, வேலைப் பையிலிருந்து நான்கு ஜாக்கிகளை எடுத்தார். ஜன்னல் மேஜையின் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. மேஜை உறுமிக்கொண்டே ஒரு சாண் எழுந்தது. பாதையோடு பாதை சேர்ந்தது. உச்சியில் குறுக்கே நின்ற தடுப்புக்கட்டையை மச்சினன் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அழைப்பு மணி அடித்தது.

செயலாளர் தடித்த கண்ணாடிக்காரர். காபி வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். கதவருகே நின்று, "ஓட்டுங்க," என்றார்.

சின்ன ரயில் கிளம்பியது. பதற்றத்தில் மெக்கானிக்கின் கை அதன் பின்னாலேயே பெரியதையும் கிளப்பிவிட்டது. இரண்டும் இணைப்பை ஒரு சத்தமும் இல்லாமல் கடந்தன. உச்சியைத் தொட்டன. மெக்கானிக்குக் கண் கலங்கியது. பிறகு இறக்கம்.

"மாமா, வேகத்தைக் குறைங்க."

"எப்பவோ ஆஃப் பண்ணிட்டேன்டா. அந்தத் தடுப்புக்கட்டை எங்கே?"

மச்சினன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

சின்ன ரயில் மேஜையை விட்டுப் பறந்து செயலாளரின் வயிற்றில் இறங்கியது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்தார். அதனால் பெரியதைப் பிடிக்கக் கை இல்லை.

பெட்டிகள் அவர் காலடியில் சிதறின.

"கோடிவரைக்கும் போச்சு சார்," என்றான் மச்சினன். "கொஞ்சம் தாண்டியும் போச்சு."

செயலாளர் பெட்டிகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தார். சுவரோரமாக அடிமேல் அடிவைத்து நடந்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். "இருபது அடி இருக்குமா?"

"இருபத்தொண்ணு சார்," என்றார் மெக்கானிக்.

செயலாளர் காகிதத்தை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. பின்னாடி ஒரு கையெழுத்து. சேர்த்தாச்சு."

மெக்கானிக் இரண்டையும் போட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டார். மச்சினனைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். மனைவி மிஷின் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"சேர்த்துட்டாங்கடி. ரூம் இனிமே யாருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"எங்களுக்குத்தாங்க, ரெண்டாவது கையெழுத்து அதுக்குத்தான், பத்து பேரு இடமில்லாம ரெண்டு மாசமா அலையறோம், ஆனா புது உறுப்பினர்களுக்கு முதல் ஒரு வருஷம் கிளப் ரூமுக்குள்ள அனுமதி இல்ல," என்று செயலாளர் அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டிக்கொண்டார்.