மைனஸ் சாரின் கூடார ராத்திரி

"அப்பா, குளிருது."

கூடாரத்துக்குள் படுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சின்னவன் இதை இரண்டாவது முறையாகச் சொன்னான். முதல் முறை சொன்னபோது அப்பா அவனுடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சரியாகிவிடும், தூங்கு என்று சமாளித்திருந்தார். இரண்டாவது முறை சமாளிக்க மனம் வரவில்லை. ஐந்து வயதுப் பையன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் அதில் உண்மை இருக்கத்தான் செய்யும். சாக்லேட் கேட்கும் விஷயம் மட்டும் விதிவிலக்கு.

இந்த அப்பாவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் மைனஸ் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். உள்ளே எந்நேரமும் மைனஸ் பதினெட்டு டிகிரி. மற்றவர்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு போயும் பத்தே நிமிடத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். இவர் மட்டும் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டுக்கொண்டு, ஏதோ பூங்காவில் நடப்பதுபோல் உள்ளே உலாத்துவார். யாராவது கேட்டால், "குளிரா? எனக்கா?" என்று ஒரு சிரிப்பு. பன்னிரண்டு வருடம் அப்படிச் சிரித்ததில் அவரே அதை நம்பிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். விரல் நுனி வெளுத்துப் போயிருக்கும், காது சிவந்து போயிருக்கும். கேட்டால் மட்டும் இல்லை என்பார்.

ஆனால் அன்று ராத்திரி அவருடைய கவலை வெறும் குளிர் மட்டுமல்ல.

அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு வேலைக்காக வேறு ஊரில் நடக்கும் ஆறு மாதப் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இது மூன்றாவது தடவை. முதல் தடவை கிடைத்தபோது பெரியவள் வயிற்றில் இருந்தாள். இரண்டாவது தடவை சின்னவன் இருந்தான். இந்தத் தடவை வயிற்றில் யாருமில்லை, வீட்டில்தான் மூன்று பேர் இருந்தார்கள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதையும் விட்டால் அடுத்து வயது தாண்டிவிடும்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்று மைனஸ் சார் மார்தட்டினார்.

மனைவி அவரையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளி விடுமுறையில் ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பெரியவள் பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மனைவி அதையே பிடித்துக்கொண்டாள்.

"சரி, நான் இல்லாம மூணு பேரும் ஒரு ராத்திரி அங்க இருந்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

குளிர்காலத்தில் பரீட்சை என்றதுமே மைனஸ் சாருக்குப் பாதி மார்க் கைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. தெரிந்த பாடத்திலிருந்தல்லவா கேள்வி வந்திருக்கிறது.

ஏற்பாட்டில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிர் வானத்திலிருந்து இறங்குவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம் என்பது கிடங்கில் கற்ற பாடம். அதனால் பெரிய பெட்டிகளைப் பிரித்துத் தடித்தடியான அட்டைகளாகக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கீழே இரண்டு அடுக்கு விரித்தார். தனக்கு மிச்சமில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பெரியவள் அந்த ஓரம், சின்னவன் நடுவில், இவர் வாசல் ஓரம். வாசல் ஜிப்பின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. ஏரிக்காற்று அந்த வழியாகத்தான் குடிவந்தது. கிடங்கில் பயன்படுத்தும் ஊசித் தெர்மாமீட்டரையும் மறக்காமல் எடுத்து வந்து, அரை மணிக்கு ஒருமுறை கூடாரத்தின் சூட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதரை மணிக்கு எட்டு டிகிரி, பத்து மணிக்கு ஆறு. பெரியவள் அதற்குள் கட்டை மாதிரித் தூங்கிப் போயிருந்தாள். பக்கத்தில் ரயிலே போனாலும் எழுந்திருக்காத ஜாதி அவள்.

சின்னவன்தான் தூங்கவில்லை.

மைனஸ் சார் தன் போர்வையை எடுத்து அவன் போர்வைமேல் போர்த்தினார். வெறும் ஸ்வெட்டரோடு படுத்துக்கொண்டு, இனி நிம்மதி என்று கண்ணை மூடினார்.

பத்து நிமிடம் போனது.

"அப்பா, குளிருது."

ஸ்வெட்டரைக் கழற்றி அவனுக்கு மாட்டினார். அது அவன் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கைகளை இரண்டு சுற்று மடித்துவிட்டார். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பேசினால் உடம்பிலிருக்கும் சூடு வீணாகப் போகும், வாயை மூடிக்கொண்டு தூங்கு என்றார். அடுத்த பத்தாவது நிமிடம் அவருடைய குரங்குக் குல்லா அவன் தலைக்குப் போனது. அதற்கடுத்து அவருடைய கம்பளி சாக்ஸ். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்ததில் மைனஸ் சார் மெல்லிய பருத்திச் சட்டையோடு ஈரத்தரையில் கிடந்தார். முழங்கால் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. பற்கள் தாமாகத் தாளம் போட ஆரம்பித்தன.

"அப்பா, ரொம்பக் குளிருதுப்பா. பல்லெல்லாம் அடிக்குது."

பெற்ற பிள்ளை பக்கத்தில் பல்லடித்துக்கொண்டு கிடக்கிறான், அந்தச் சத்தம்கூடத் தன் காதில் விழவில்லையே என்று நொந்துகொண்டார். விழாததற்குக் காரணம் தன் வாய்க்குள்ளேயே நடந்துகொண்டிருந்த கச்சேரி என்று நினைத்து, தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஆயுதமாக வெந்நீர்ப் பையை எடுத்தார். பிளாஸ்கில் இருந்த வெந்நீரை டார்ச் வெளிச்சத்தில் அதில் ஊற்றி, மூடியைத் திருகி, பையனின் வயிற்றோடு அணைத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் பை இவருடைய இடுப்பருகே வந்து கிடந்தது. தூக்கத்தில் உருட்டிவிட்டான் போலிருக்கிறது என்று திரும்ப வைத்தார். மறுபடி வந்தது. மறுபடி வைத்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தி வைக்கப் போக, அந்தப் பக்கமிருந்து அவனும் தள்ள, இரண்டு பேர் பலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பையின் மூடி கழன்றது. தண்ணீர் மொத்தமும் மைனஸ் சாரின் கால்சட்டையில் கொட்டியது. முதல் ஒரு நிமிடம் இதமாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஏரிக்காற்று அந்த ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

பையன் இருட்டில் எழுந்து உட்கார்ந்தான். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"இப்போ இன்னும் ஜாஸ்தியாக் குளிருதுப்பா. அம்மாகிட்ட சொல்லலாமா?"

அம்மாகிட்ட சொல்வதா. சமாதானப்படுத்தலாம் என்று பையனின் நெற்றியில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நெற்றி அனலாய்க் கொதித்தது. குல்லாவுக்குள் முடி தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. உடம்பு கொதிக்கிறது, வியர்க்கிறது, பிள்ளையோ குளிருது குளிருது என்கிறான். நர்ஸின் கணவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குளிர் காய்ச்சல்.

கிடங்குத் தெர்மாமீட்டரைத் துடைத்து, ஊசி படாமல் பையனின் கக்கத்தில் பக்குவமாகச் செருகினார். அது கீ கீ என்று கத்தி, "அளவு மீறியது" என்று காட்டியது. இன்னொரு முறை வைத்தார். இன்னும் பலமாகக் கத்தியது. மீனுக்கும் பட்டாணிக்கும் செய்த அந்தக் கருவி முப்பது டிகிரிக்குமேல் எதையுமே காட்டாது என்பது மைனஸ் சாருக்கு மற்ற நாட்களில் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் பிள்ளை அளவு மீறிவிட்டான் என்பது மட்டுமே.

போனை எடுத்தார். மனைவியின் பெயர்மேல் கட்டைவிரல் நின்றது. அழுத்தினால் பயிற்சி போச்சு. மூன்றாவது தடவையும் போச்சு, அதுவும் தன்னால். அழுத்தாமல் இருந்து பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? மைனஸ் சாருக்கு அழுகை வந்தது. முதலில் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம், அதற்கப்புறம் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, வெறுங்காலோடு, ஈரக் கால்சட்டையோடு, முகாம் அலுவலகத்தைப் பார்த்து ஓடினார்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். இவர் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது "புள்ளை", "அளவு மீறிடுச்சு" என்ற இரண்டு மட்டும்தான். வாய் அவ்வளவு குளறியது. அவள் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கூடாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு போர்வை, பெரிய ஸ்வெட்டர், சின்ன ஸ்வெட்டர், குல்லாவுக்குள் குல்லா, சாக்ஸுக்குமேல் சாக்ஸ். உள்ளே பையன் தக்காளி மாதிரிச் சிவந்து கிடந்தான். அவள் தன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல சார். புள்ளை வெந்துக்கிட்டு இருக்கான்."

"அப்புறம் ஏம்மா குளிருது குளிருதுன்னு சொல்றான்?"

அது அவளுக்கும் விளங்கவில்லை. பையனைக் கேட்கலாம் என்றால், மூட்டை பிரிந்த சுகத்தில் அவன் அந்த நிமிடமே தூங்கிவிட்டிருந்தான். புது இடம் என்றால் பிள்ளைகள் எதையாவது சொல்லும் என்று அவள் சமாதானம் சொன்னாள். எல்லோரும் அலுவலகத்துக்கு வந்து படுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஹீட்டர் இருக்கிறது என்றாள். மைனஸ் சார் ஒரு தோளில் சின்னவனையும் மறு தோளில் பெரியவளையும் போட்டுக்கொண்டு நடந்தார். பெரியவள் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

விடியும்வரை அவர் ஹீட்டர் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு ராத்திரி. அதைக்கூடத் தாண்டத் தெரியவில்லை. கூடாரத்தைக் கைவிட்டாயிற்று, பிள்ளையை வேகவைத்தாயிற்று, ஊரைக் கூட்டியாயிற்று. ஆறு மாதத்தில் இப்படி நூற்றெண்பது ராத்திரி வரும் என்று நினைக்கும்போதே அவருக்குத் தலை சுற்றியது.

காலையில் பிள்ளைகள் இருவரும் முகாம் அம்மாள் கொடுத்த சூடான பாலைக் குடித்துவிட்டுத் தெம்பாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். மைனஸ் சார் பதினோரு முறை தும்மினார். எல்லாம் நன்றாக நடந்தது என்று மனைவியிடம் ஒரே வரியில் முடித்துவிடலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பலமுறை ஒத்திகை பார்த்தார். ஆனால் அவள் எடுத்து ஹலோ சொன்னதும் பொய் வாயில் வரவில்லை.

நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். வெந்நீர்ப் பையைச் சொன்னார், தெர்மாமீட்டரைக்கூடச் சொன்னார்.

"ராத்திரி பூரா குளிருது குளிருதுன்னு சொல்லிட்டே இருந்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியல. நீ போகக்கூடாதுன்னு சொல்லல. ஆனா என்னை நம்பிப் போகாத. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல" என்றார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

மனைவி, ஸ்பீக்கரில் போட்டுப் போனைச் சின்னவனிடம் கொடுக்கச் சொன்னாள். அவன் ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"என்னடா கண்ணா, ராத்திரி ரொம்பக் குளிருச்சா?"

"எனக்கு எங்கம்மா குளிருச்சு? நீ சொன்ன மாதிரி அப்பாவுக்குக் குளிரும்போதெல்லாம் நான்தான் அவருகிட்ட சொல்லிட்டே இருந்தேன், அவரு எல்லாத்தையும் கழட்டி என் மேலயே போட்டுட்டாரு. பரவால்ல, நீ போயிட்டு வாம்மா, அப்பாவ நாங்க பாத்துக்கறோம்."