ஏழு மணிக்குக் காணாமல் போகும் தெரு

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முட்டிவலி தேவலை என்று நம்புகிறேன். எனக்குத்தான் தேவலையாக ஒன்றும் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி அனுப்பினேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கெங்கோ இருக்கும் கணினிகளுக்குச் செய்தி அனுப்பி, எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். அப்படி ஆயிரம் வீட்டுக் குறிப்புகளைக் கோத்துத்தான் இணையத்துக்கு வரைபடம் போடுகிறோம், பிளக்கைப் பிடுங்கவே கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டேன், நீங்களும் "அதுபாட்டுக்குக் கெடக்கட்டும் மாப்பிள்ளை, நான் கையே வைக்கமாட்டேன்" என்று சொன்னீர்கள். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் உங்கள் பெட்டி செத்துக் கிடக்கிறது. உங்கள் வாக்கை நம்பிய நான், உங்கள் தெருவே ஒற்றைக் கம்பியில் தொங்குகிறது, அது காலையில் அறுந்துவிடுகிறது என்று முப்பது பக்கம் எழுதி, கருத்தரங்கில் வாசித்து, கைதட்டலும் வாங்கிவிட்டேன். நம் இரண்டு வீட்டுக்கும் இணைப்புத் தருகிற கம்பெனியின் பொறியாளர் எழுந்து, "சார், எங்க கம்பிக்கு ஒண்ணுமில்ல. யாரோ பிளக்கைப் புடுங்குறாங்க" என்று மேலதிகாரி முன்னாலேயே போட்டு உடைத்தார். திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். பதினோரு வருஷ வேலை, மச்சான்.

அதே நாளில் எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு பெட்டி வைத்தேன்; அது தொண்ணூறு நாளில் ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை. நீங்களும் உங்கள் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதையே நம்ப முடியவில்லை. "தவறு என்னுடையதே" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் என் தலை தப்பும்.

உங்கள் வீட்டில் என்றும் விளக்கும் பிளக்கும் அணையாதிருக்க வாழ்த்தும்,
நொந்துபோன தங்கை கணவன்.

பி.கு.: உறையில் உங்கள் விலாசம் எழுத உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு, எங்கள் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினாள். அது உங்களுக்கு அனுப்ப வேண்டிய பெட்டி; நான்தான் இரண்டையும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். "ஏழு மணிக்கு நான்தான் புடுங்குறேன். இல்லேன்னா உங்க சட்டைக்கு எப்படி இஸ்திரி போடுறதாம்?" என்றாள். தொண்ணூறு நாளாக அணையாமல் ஓடுவது உங்கள் வீட்டில் இருப்பது. உலகத்தில் எந்தக் கணினி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன். மேலே கேட்ட அந்த ஒரு வரியை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கசங்கின சட்டையோடுதான் போகிறேன்.