அரசியல் பேசாத குரூப்பின் அட்மின்

மனிதர்களில் ஒரு வகை உண்டு: 'இங்கே அரசியல் வேண்டாமே' என்று கைகூப்புகிற வாட்ஸப் அட்மின். பார்த்ததில்லையா? எங்கே போய்விடுவீர்கள், உங்களை ஒருமுறையாவது நீக்கியிருப்பார்.

நம்முடைய அட்மின் நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் நான்காம் மாடிக்காரர், பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்வது தொழில். மூடச் சொல்வது பொதுச்சேவை. ஆரம்பம் என்னவோ நியாயமானதுதான். தேர்தல் சமயத்தில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் முதல்மாடி வாத்தியாரும் குரூப்பில் கட்டிப் புரண்டு, அப்புறம் படிக்கட்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே அரசியல் கூடாது என்று விதி போட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். அதில்தான் வினையே ஆரம்பித்தது.

அரசியலுக்குப் பின்னால் மதம் போயிற்று, விளையாட்டு போயிற்று, விலைவாசி போயிற்று, குப்பை எடுக்க ஏன் ஆள் வரவில்லை என்ற கேள்வியும் போயிற்று. குப்பையைக் கிளறினால் நகராட்சி வரும், நகராட்சியைக் கிளறினால் கட்சி வருமே! மிச்சமிருந்தது காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான்.

ஒருநாள் யாரோ, "லிஃப்ட் நடுவுல நடுவுல நின்னுடுது, யாரு பார்க்கணும்?" என்று கேட்டார். பார்க்க வேண்டியவர் கமிட்டிச் செயலாளர். செயலாளரோ அட்மினின் மச்சான். சர்ச்சை! அழித்தார். மறுநாள் அதையே கேட்ட முட்டிவலிக்காரப் பெண்மணியைக் குரூப்பை விட்டே நீக்கினார். அந்தப் பெண்மணி அவருடைய மனைவி. "நான் பாரபட்சம் பார்க்கறதில்ல" என்று அதிலும் ஒரு பெருமை. கையோடு, அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டியும் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை, லிஃப்ட் அவரை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தியது. மணியை அழுத்தினார், அது எப்போதோ செத்திருந்தது. மச்சானின் போன் அணைந்திருந்தது. மனைவி எடுக்கவில்லை, எப்படி எடுப்பாள்? கத்தலாமா? அட்மின் கத்துவதா! குரூப்பில் எழுதினார்: 'லிஃப்ட் நின்றுவிட்டது.' படித்துப் பார்த்தார். கமிட்டியைக் குத்துகிற மாதிரி இருந்தது. அதை அழித்துவிட்டு, 'யாரையும் குறைகூறும் நோக்கமின்றி ஒரு தகவல்: நான் லிஃப்டில் இருக்கிறேன்' என்று அனுப்பினார்.

லிஃப்ட் சரியாகிவிட்டதாக்கும் என்று நினைத்தார்கள் ஜனங்கள். பதில் எழுதத்தான் வழியில்லையே, செய்தியின் அடியில் எமோஜி மட்டும் ஒட்டலாம்; பதினோரு கும்பிடு வந்தது, நான்கு கட்டைவிரல், மருந்துக்கடைக்காரரிடமிருந்து ஒரு ரோஜா. அட்மின் கதவிலிருந்த திருகாணிகளை எண்ணினார். பதினேழு. வியர்த்துக் கொட்டியது, பயம் வந்துவிட்டது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கதவில் அறைந்து கத்தினார்.

படியில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த யாரோ நின்றார்கள்.

"யாரு உள்ள?"

மனைவியின் குரல்!

"நான்தாம்மா! லிஃப்ட் நின்னுடுச்சு!"

"ஐயோ, லிஃப்ட்டைப் பத்தி நான் பேசலாமா? சர்ச்சையாயிடாதே?"

"பேசு தாயே! ஊரைக் கூட்டிப் பேசு!"

அவள் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரரும் வாத்தியாரும் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகக் கதவை இழுத்துக்கொண்டே, யார் ஆட்சியில் லிஃப்டெல்லாம் ஒழுங்காக ஓடியது என்று சண்டை போட்டார்கள். வாழ்நாளில் அவ்வளவு இனிமையான அரசியலை அட்மின் கேட்டதே இல்லை.

உங்கள் குரூப் அமைதியாக இருக்கிறதா? சந்தோஷம். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள். அதுசரி, கதவில் திருகாணி பதினேழு என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?

இங்கே அரசியல் வேண்டாமே.