ரிஜெக்ட் சார் பாஸான கதை

"இந்த வீட்டுக்குள்ள நாய்னு ஒண்ணு நுழைஞ்சா, அடுத்த நிமிஷம் நான் வெளியே!"

சோபாவில் படுத்தபடியே முழங்கினார் ரிஜெக்ட் சார்.

"வெளியேன்னா எவ்வளவு தூரம் வெளியே?" என்றாள் மனைவி, கார் சாவியைத் தேடிக்கொண்டே. "மாடிப்படி வரைக்குமா, பஸ் ஸ்டாப் வரைக்குமா? இப்பவே சொன்னீங்கன்னா தலகாணியை அங்கேயே போட்டு வெச்சுடுவேன்."

முழங்கியவர் பதிலுக்கு ஒருக்களித்துப் படுத்தார். சாவி அவர் முதுகுக்கு அடியில் இருந்தது. அவள் அதை உருவிக்கொண்டு வகுப்பெடுக்கக் கிளம்பிவிட்டாள்.

ரிஜெக்ட் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஷூ தொழிற்சாலை வைத்தது. அங்கே தரப் பரிசோதகராகவே தலை நரைத்தவர் அவர். தயாராகி வரும் ஷூவை எடுத்து அடிப்பாகத்தை வளைப்பார், தையலை நகத்தால் நெருடுவார், ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பார். பிறகு "ரிஜெக்ட்!" என்று கூடையில் வீசுவார். இடது கால் ஷூவை மட்டும் தள்ளிவிட்டு வலது கால் ஷூவை விதவையாக்கிய பெருமையும் அவருக்கு உண்டு. ஓய்வு பெற்ற மறுநாள் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். அன்றிலிருந்து வீட்டில் திரைச்சீலை கோணல், காபி ஆறல், மின்விசிறி முனகல் என்று எதுவும் பாஸாகவில்லை.

மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பழக வருகிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். குடும்பமும் ஏறக்குறைய அந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளிடம் கார் பழக வந்த ஒருவர் மூலம்தான் அந்தக் காப்பகம் தெரியவந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களையும், வளர்த்தவர்கள் கைவிட்ட கிரேஹவுண்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார்களாம்.

"கிரேஹவுண்ட் மட்டும்தானா? வேற நாய் போய் நின்னா?" என்று கேட்டார் ரிஜெக்ட் சார்.

"வேற நாய்க்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"நாய்ங்களுக்குள்ளயுமா தனித்தனிச் சங்கம்?"

"ஆமா. ரிட்டயர் ஆன புருஷனுங்களுக்குத்தான் இன்னும் யாரும் ஆரம்பிக்கலை. ஆரம்பிச்சா முதல் ஆளா உங்களைக் கொண்டுபோய் விட்டுடுவேன்."

கிரேஹவுண்ட் கார் வேகத்தில் ஓடும் என்று எங்கேயோ படித்தது அவருக்கு நினைவு வந்தது. கயிற்றின் ஒரு முனையில் நாய். மறுமுனையில், கால் தரையில் படாமல், பட்டம் போலப் பறந்து வரும் அவர்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. காப்பகத்தார் கேட்டவுடன் நாயைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டையும் ஆட்களையும் பார்க்க ஒருவர் வருவார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் நாய் இல்லை.

ரிஜெக்ட் சார் சோபாவை விட்டு எழுந்தார். எழுந்ததோடு நில்லாமல் பக்கத்து வீடு வரைக்கும் நடந்தார். விஷயம் அவ்வளவு முற்றியிருந்தது. அங்கே வக்கீல், புதிதாக வாங்கிய காரின் பின்பக்க நசுங்கலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்தால் போய்விடும் என்பது போல.

"வக்கீல் சார், நாய் முடி பட்டா எனக்குத் தும்மல் வரும்னு சொல்லிடலாமா?"

"தும்மிக் காட்டச் சொன்னா?"

"அப்ப ராத்திரியில நாயைப் பார்த்தா நான் கடிப்பேன்னு..."

"எதுக்கு சார் பொய்?" வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "மாட்டிக்கிட்டா அசிங்கம். உங்களைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நீங்க எழுந்திருக்கிற நேரம், படுக்கிற நேரம், நடுவுல படுக்கிற நேரம் எல்லாம். உங்களை நம்பி ஒரு பொம்மை நாயைக்கூட எவனும் கொடுக்க மாட்டான்."

"அட, எனக்கே தோணலையே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார் ரிஜெக்ட் சார். வக்கீல் சொன்னது யோசனையா வசவா என்ற சந்தேகம், மறுபடி சோபாவில் படுத்த பிறகுதான் வந்தது.

காப்பகத்து அம்மாள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். வாட்டசாட்டமான உருவம். பேன்ட் முழுக்க நாய் முடி. வாசல் கேட்டை ஆட்டிப் பார்த்தார், கொண்டியைப் போட்டு எடுத்தார், கொல்லைப்புற வேலியின் அடியில் குனிந்து இடைவெளிக்குள் விரலை விட்டு அளந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த ரிஜெக்ட் சாருக்கு மெய் சிலிர்த்தது. சரியான ஆள்! இந்தக் கையிலிருந்து எந்தக் குறையும் தப்பாது. இந்தப் பரிசோதனையில் நாம் தோற்பது உறுதி.

விருந்தாளி உள்ளே வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கசங்கிய பைஜாமாவோடு காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

"பகல்ல வீட்ல யார் சார் இருப்பீங்க?"

"நான்தான். எங்கேயும் போக மாட்டேன்."

"எங்கேயுமேவா?"

"பல் வலி வந்தாக்கூட, டாக்டர் இந்தப் பக்கம் வருவாரான்னுதான் விசாரிப்பேன்."

"வாக்கிங்?"

"தெருமுனை வரைக்கும். திரும்பி நடக்கணுமேங்கிற கவலையோடயே போவேன்."

"ஓடுற பழக்கம்?"

"பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை மேடம். அடுத்த பஸ் வராமலா போயிடும்?"

"அப்ப பொழுது எப்படிப் போகும்?"

"சாப்பிட்டுத் தூங்குவேன். தூங்கி எழுந்து சாப்பிடுவேன். இடையில களைப்பா இருந்தா கொஞ்சம் படுப்பேன்."

"வீட்டுக்கு வர்றவங்க போறவங்க அதிகமோ?"

"என்னைப் பார்க்க யாரும் வர மாட்டாங்க. வந்தவங்க ரெண்டாவது தடவை வந்ததில்லை."

"பூனை, முயல் ஏதாவது வளர்க்கிறீங்களா?"

"இவரைத் தவிர வேற எதுவும் வளர்க்கலைங்க" என்றாள் மனைவி, காபியை வைத்துவிட்டு. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறாள் போலிருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

காப்பகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எத்தனை வீடு ஏறி இறங்கிட்டேன் சார்! எல்லாரும் 'காலையில நாயோட ஓடுவோம், மலை ஏறுவோம்'னே சொல்றாங்க. கிரேஹவுண்ட் ஓடுறது கொஞ்ச நேரம்தான் சார். மத்தபடி நாள் முழுக்கத் தூங்கும். மெத்துனு ஒரு சோபா, சத்தமில்லாத வீடு, பக்கத்துல நகராம ஒரு ஆள். இவ்வளவுதான் அதுக்கு வேணும். இப்படி ஒருத்தரை எங்க போய்த் தேடுறதுன்னு இருந்தேன்."

ரிஜெக்ட் சார் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "மேடம், நான் சோம்பேறி!"

"அடக்கம் வேற."

"என்னை ரிஜெக்ட் பண்ணுங்க மேடம்!"

"அதுக்கு எப்படி சார் மனசு வரும்? உங்களுக்குன்னு வெச்சிருக்கிற நாயையும் ஓட்டத்துல பின்தங்கிடுச்சுன்னுதான் தள்ளிட்டாங்க" என்றார் அந்த அம்மாள்.

"ஒத்து வரலைன்னா வேற யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மனைவி பக்கம் திரும்பினார் ரிஜெக்ட் சார்.

"இது தூங்குற நாய்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா, இத்தனை ஜாதி நாய் இருக்கிறப்ப இதைத் தேடிப் பிடிச்சேன்?"

"அப்ப அந்த வக்கீல்..."

"பாவம், அவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே வரலைங்க. பதிலுக்கு நல்லபடியா சொல்லித் தர்றேன்னேன்."

நாய் வந்தது. சாம்பல் நிறம். ஒட்டடைக் குச்சி போலக் கால்கள். ஹாலை ஒரு சுற்று சுற்றியது. திரைச்சீலையை முகர்ந்தது, அவர் செருப்பை முகர்ந்தது, கடைசியாக அவரையும் முகர்ந்துவிட்டு சோபாவில் ஏறி, நான்கு கால்களையும் நீட்டிப் படுத்தது. அந்தக் கால்கள் நீண்டுகொண்டே போயின. முதலில் அவருக்கு சோபாவில் பாதி போயிற்று. பிறகு மூலை மட்டும் மிஞ்சியது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் தரைக்கு வந்துவிட்டார். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அது நடுங்கும். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று இவர் சொல்ல வேண்டும். மனைவி வாங்கி வந்த மெத்தை விரிப்பைக் கையால் நெருடிப் பார்த்து, "இது அதுக்கு உறுத்தும்" என்று திருப்பி அனுப்பியதும் இவர்தான். குறை இருந்தால் சொல்ல வேண்டாமா?

இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று முடிவெடுத்தார். போதும். மனைவி வகுப்புக்குப் போன சமயம் பார்த்து, சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தபடி, காப்பகத்துக்கு போன் போட்டார்.

"மேடம், நாயைத் திருப்பி எடுத்துக்கணும்."

"அடடா! என்ன சார் ஆச்சு?"

"ஒத்து வரலை. வீட்டம்மாவுக்கு நேரமில்லை, எனக்கு இடமில்லை. இன்னிக்கே வந்தா நல்லது."

"வர்றேன் சார். நீங்க இப்படி ஒரு நாள் போன் பண்ணுவீங்கன்னு உங்க வீட்டம்மா அன்னிக்கே சொன்னாங்க."

"சொன்னாளா?"

"பண்ணினா ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. ஒரு கையில போன் வெச்சிருக்கீங்க. இன்னொரு கை இப்ப எங்க இருக்கு சார்?"

ரிஜெக்ட் சார் குனிந்து பார்த்தார். சோபாவிலிருந்து எப்போதோ இறங்கி வந்திருந்த நாயின் தலை அவர் மடியில் கிடந்தது. அதன் காது மடலை அவருடைய கட்டைவிரல் தன் பாட்டுக்கு வருடிக்கொண்டிருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கையை எடுக்கப் பார்த்தார். நாய் தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டது. கை அங்கேயே நின்றது.

"சார்? லைன்ல இருக்கீங்களா? சார்!" என்றார் காப்பகத்து அம்மாள், சற்று உரக்கவே.

"மெதுவாப் பேசுங்க மேடம்" என்று கிசுகிசுத்தார் ரிஜெக்ட் சார். "இப்பத்தான் கண்ணசந்துச்சு."